தண்ணீரில் ஊறிய கிழங்கு வட்டங்கள்

வெள்ளவத்தையில் நான் குடியிருக்கும் மாடிவீட்டின் குளிர்சாதனப் பெட்டியில், கீழ்த்தட்டின் இடது மூலையில், பழைய ஐஸ்கிரீம் பெட்டி ஒன்று இருக்கிறது. மூடியில் ஒட்டியிருந்த படம் பாதி உரிந்துபோய்விட்டது. ஞாயிறு பின்னேரங்களில் மறுநாள் கறிக்கான உருளைக்கிழங்கை வெட்டி அதற்குள் போட்டு, கிழங்கு மூழ்கும்வரை தண்ணீர் விட்டு, மூடியை அழுத்தி வைக்கிறேன். வேலைக்குப் போகிற எல்லோரும் செய்கிற காரியம்தான். காலையில் திறந்தால் துண்டுகள் வெட்டியபடியே வெள்ளையாகக் கிடக்கும். அந்த வெள்ளையைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்குள் ஒரு களைப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. மருதானையில் ஓர் ஆய்வுகூடத்தில் என்னோடு வேலைசெய்த ஒரு பெண்ணின் வேலை, இப்படியொரு பெட்டிக்குள் இருந்த தண்ணீரால் போனது. தண்ணீரால் போனது என்று சொல்வது சரிதானா என்பதை இவ்வளவு காலமாக நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அது ரயில் நிலையத்துக்கு அண்மையில், கீழே இரும்புச் சாமான் கடைகளும் மேலே நாங்களுமாக இருந்த ஒரு பழைய கட்டடம். சிறிய தனியார் ஆய்வுகூடம். இயக்குநரை எல்லோரும் சேர் என்றே அழைத்தோம். பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறிய சூட்டோடு நான் அங்கே ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தேன். கண்ணாடிக் குவளைகளைக் கழுவுவது, கருவிகளைக் கிருமிநீக்கம் செய்வது, வருகிற மூட்டைகளைப் பிரித்து அடுக்குவது எல்லாம் ஓர் அக்காவின் பொறுப்பு. கொட்டாஞ்சேனைக்காரி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தில் இருந்தார். என்னை அவர் மிஸ் என்று அழைப்பார். என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ என்று இரண்டு மூன்று தடவை கேட்டேன். அவர் சிரித்துவிட்டு மறுபடியும் மிஸ் என்பார். பிறகு நானும் விட்டுவிட்டேன். காலி வீதி நெரிசலில் பஸ் சிக்கி நான் பிந்தி வரும் நாட்களில் வாசலிலேயே பிடித்துக்கொள்வார்.

"வெள்ளவத்தைக்காரங்களுக்குக் கடல்காத்து பட்டுப் பட்டு நித்திரையே கலையிறதில்ல போல. எங்க பக்கம் வந்து இருங்க மிஸ். ஹாபர்ல கப்பல் ஊதினா செத்தவனும் எழும்பிருவான்."

நாங்கள் ஆராய்ந்தது கிழங்கு அழுகும் விதத்தை. மரக்கறிக் கடைப் பக்கம் போயிருப்பவர்களுக்கு அந்த மணம் தெரியும். மூட்டையின் நடுவில் ஒரு கிழங்கு கசியத் தொடங்கினால் இரண்டு மூன்று நாளில் அதைச் சுற்றியிருப்பவை கூழாகிவிடும். அதைச் செய்வது ஒரு பற்றீரியா. தாவரத்தின் கலங்கள் ஒவ்வொன்றையும் சுவர் சூழ்ந்திருக்கிறது. சுவரையும் சுவரையும் பெக்டின் என்ற ஒரு வகைப் பசை ஒட்டிவைத்திருக்கிறது. பற்றீரியா காயத்தின் வழியே உள்ளே போய், தன் கூட்டம் பெருகும்வரை பெரும்பாலும் அடங்கியிருக்கும். எண்ணிக்கை போதுமென்று ஆனதும் எல்லாம் சேர்ந்து நொதியங்களைச் சுரந்து அந்தப் பசையை அறுக்கும். ஒட்டியிருந்த கலங்கள் ஒன்றையொன்று விட்டுவிடும். காலையில் கல்லைப் போல இருந்த கிழங்குக்குள் மறுநாள் விரல் இறங்குவது அதனால்தான்.

ஆனால் கிழங்கு சும்மா கிடப்பதில்லை. பசை அறுபடும்போது உதிரும் துணுக்குகளை அது அடையாளம் கண்டுகொள்கிறது. தன் சுவரை எதுவோ உடைக்கிறது என்பதற்கு அந்தத் துணுக்குகளே அதற்குச் செய்தி. உடனே அண்டைக் கலங்கள் தங்கள் சுவர்களைத் தடிப்பாக்குகின்றன. கிருமிக்கு ஆகாத பொருட்களைச் சுரக்கின்றன. வெட்டிய இடம் பழுப்பேறுகிறது. துணுக்குகள் மிகவும் சிறிதாக நொறுக்கப்பட்டால் செய்தி போய்ச் சேராது. நொதியம் அளவுக்கு மிஞ்சினால் கிழங்கு விழித்துக்கொள்வதற்குள் எல்லாம் கரைந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவிலே ஒரு சிறிய அளவு இருக்கவேண்டும் என்றும், அந்த அளவு நொதியத்தை முன்கூட்டியே பூசினால் கிழங்கு தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்ளும் என்றும் நாங்கள் எண்ணினோம். அது மட்டும் கைகூடினால் மொத்தக் கடைகளில் வாரந்தோறும் குப்பைக்குப் போகும் மூட்டைகள் குறையும், விளைவித்தவனும் வாங்குகிறவனும் கொஞ்சம் மூச்சு விடுவார்கள் என்று நான் நம்பினேன். அந்த வயதில் எதைச் செய்தாலும் அதனால் யாருக்கு நன்மை என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் எனக்கு இருந்தது. யாருக்குக் கெடுதி என்று கேட்கும் பழக்கம் பிறகுதான் வந்தது.

முதல் மாதம் எல்லாம் நன்றாக நடந்தது. கிழங்கில் கூரான பித்தளைக் குழாயை இறக்கி, வெளியே வரும் உருளையை வட்டம் வட்டமாகச் சீவி, ஒரு தரம் அலசி, வடிதாளில் ஒற்றி, தட்டுகளில் அடுக்கவேண்டும். பாதி வட்டங்களுக்கு நொதியம் பூசி, சில மணி நேரம் விட்டு, பிறகு எல்லாவற்றுக்கும் பற்றீரியாவை இடவேண்டும். நொதியம் பூசியவை குறைவாகவே அழுகின. ஆனால் சீவுவதற்கே என் காலை முழுவதும் போனது. உள்ளங்கையில் குழாயின் தடம் வட்டமாகப் பதிந்து தழும்பேறியது. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் அக்காவிடம் கேட்டேன்.

"அக்கா, ஏலுமெண்டா நான் வரமுந்தி வெட்டி அடுக்கி வைக்கிறீங்களா?"

"இதெல்லாம் ஒரு வேலையா மிஸ்? தாங்க அந்தக் குழாய."

அவருடைய கை என்னுடையதைவிடத் திருத்தமானது. மறுநாள் நான் வந்தபோது தட்டுகளில் வட்டங்கள் ஒரே கனத்தில், ஈரம் ஒற்றப்பட்டு, பால் நிறத்தில் இருந்தன. நான் வெட்டியவை எப்போதும் ஓரங்களில் மங்கலாகப் பழுப்பேறித் தொடங்கியிருக்கும். இவற்றில் ஒரு பொட்டுக்கூட இல்லை. "நல்ல வடிவா இருக்கு அக்கா, என்ன வெள்ளை!" என்று நான் சொன்னேன். இதை நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன். அதற்கு அவர், கொட்டாஞ்சேனைக் கை என்றால் சும்மாவா என்று சொல்லி, ஈரக் கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டார்.

அந்த நாளிலிருந்து பரிசோதனை பிழையாகப் போகத் தொடங்கியது. நொதியம் பூசியதும் பூசாததும் ஒன்றுபோலவே அழுகின. முதலில் நொதியம் பழுதாகிவிட்டது என்று எண்ணிப் புதிதாகத் தயாரித்தேன். பிறகு பற்றீரியாவைச் சந்தேகித்தேன். பிறகு கிழங்கு கொண்டுவந்து இறக்கும், அய்யே என்று நாங்கள் அழைக்கும் சிங்கள அண்ணனிடம், இது போன மாதத்துக் கிழங்குதானா என்று மூன்று தடவை கேட்டேன். அவர் நாலாவது தடவை மூட்டையை வாசலிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார். இரண்டு மாதங்கள் இப்படியே போயின. ஒவ்வொரு நாளும் மாலையில் கூழாகிப்போன வட்டங்களை அளந்து பதிவேட்டில் எழுதிவிட்டு, அந்த மணத்தோடேயே பஸ் ஏறுவேன். பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து வேறு இடம் தேடுவார்கள். சேர் ஒரு நாள் என் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, "பிள்ளை, முதல் மாதம் வந்தது தற்செயல் போல கிடக்கு. உங்கட எண்ணம் பிழையெண்டா பிழையெண்டு எழுதி முடிப்பம்" என்றார். மாத முடிவுக்குள் நிதி தருபவர்களுக்கு அறிக்கை போகவேண்டும். நல்லது ஒன்றும் இல்லையென்றால் திட்டம் நின்றுவிடும். திட்டம் நின்றால் என் வேலையும் அதோடு நின்றுவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை நித்திரை வராமல் விடியற்காலையிலேயே புறப்பட்டு, அக்கா வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தேன். ஒரு போத்தலை எடுப்பதற்காகக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தபோது கீழ்த்தட்டில் ஓர் ஐஸ்கிரீம் பெட்டி இருந்தது. யாருடைய சாப்பாடோ என்று நினைத்து மூடியைத் தூக்கினேன். தண்ணீருக்குள் என் கிழங்கு வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடங்கிக் கிடந்தன. அக்கா வரும்வரை பெட்டியை மேசையில் வைத்து அதன்முன் உட்கார்ந்திருந்தேன்.

"அட, மிஸ்ஸா? இன்னைக்குக் கப்பல் வெள்ளவத்தையில ஊதிச்சா?"

"என்ன அக்கா இது?"

"உங்க கிழங்குதான். நேத்துப் பின்னேரமே வெட்டி வச்சிட்டேன். காலைல மகள ஸ்கூல்ல விட்டுட்டு வந்து வெட்ட எனக்கு நேரம் பத்தாதே."

"தண்ணிக்குள்ளயா?"

"பின்ன? சும்மா வச்சா கறுத்துப் போயிருமே. கறுத்த கிழங்க வச்சு என்னத்த டெஸ்ட் பண்றது?" என் முகத்தைப் பார்த்ததும் அவருடைய குரல் இறங்கியது. "பைப் தண்ணி இல்ல மிஸ். நம்ம காய்ச்சி வடிச்ச தண்ணிதான் ஊத்தினேன். மூடி நல்லா இறுக்கித்தான் வச்சேன்."

"எப்ப தொடக்கம்?"

"நீங்க வெட்டச் சொன்ன நாள்ல இருந்துதான்."

எனக்கு அந்தக் கணத்திலேயே எல்லாம் விளங்கியது. கிழங்கு தன்னைக் காத்துக்கொள்வதற்குக் காற்று வேண்டும். இரவு முழுவதும் மூடிய பெட்டியில் தண்ணீருக்குள் கிடந்த வட்டங்கள் மூச்சு முட்டிப்போயிருந்தன. பழுப்பாக மாறவேண்டிய பொருட்கள் தண்ணீரோடு கரைந்து போயிருந்தன. நாங்கள் தேடிக்கொண்டிருந்த எதிர்ப்பின் முதல் அடையாளமே அந்தக் கறுப்புத்தான். அதை அவர் ஒவ்வொரு மாலையும் கவனமாக, எனக்காக, அலசிக் கொட்டியிருந்தார். எந்தக் கிழங்கும் அவற்றைவிட நிராயுதபாணியாக இருக்க முடியாது. இதில் ஒரு சொல்லைக்கூட நான் அவருக்குச் சொல்லவில்லை. நேரமில்லை என்று எண்ணினேன். "இனி நானே வெட்டுறன் அக்கா" என்று மட்டும் சொல்லிக் குழாயை வாங்கிக்கொண்டேன். அவர் பெட்டியைக் கழுவப் போனார். வழமையாகக் கழுவும்போது எதையாவது முணுமுணுத்துப் பாடுவார். அன்று தண்ணீர்ச் சத்தம் மட்டுமே கேட்டது.

பத்து நாட்கள் நானே வெட்டி நானே செய்து பார்த்தேன். முதல் மாதத்துப் பெறுபேறு திரும்பவும் வந்தது. சேருக்கு மகிழ்ச்சி. "ஆனா ரெண்டு மாசம் என்ன செய்தனீங்கள் எண்டு அவங்கள் கேப்பாங்கள். காரணத்தை ஒரு வரியில எழுதுங்கோ, நீட்டாதேங்கோ" என்றார். நான் இப்படி எழுதினேன்: தயாரிப்பு உதவியாளர் மாதிரிகளை முன்கூட்டியே வெட்டி நீரில் ஊறவைத்தமையால் அக்காலத்துப் பெறுபேறுகள் கொள்ளத்தக்கவையல்ல. எழுதிய பிறகு அதைத் திரும்ப வாசித்தேன். அதில் ஒரு பொய்யும் இல்லை. வெட்டித் தரும்படி கேட்டது நான் என்பதும், எப்போது எப்படி வெட்டவேண்டும் என்று சொல்லாதது நான் என்பதும், அந்த வெள்ளையைப் பார்த்துப் பாராட்டியது நான் என்பதும் அதில் இல்லை. இதையே படித்துவிட்டு வந்த நான் சந்தேகப்பட்டிருக்கவேண்டிய முதல் காரியம் அந்த நிறம்தான். இவற்றையும் சேர்த்தால் வரி நீண்டுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு வரி என்று சொன்னது சேர். என்னை விட்டுவிட்டு எழுதியது நான்.

திட்டத்தை நீடித்தார்கள். அதே மாதம் அக்காவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் முடிந்தது. அவர் கடைசி நாளில் எல்லாக் குவளைகளையும் கழுவிக் கவிழ்த்து, தன் மேலங்கியைத் துவைத்து மடிப்புக் குலையாமல் ஆணியில் மாட்டிவிட்டு, என் மேசைக்கு வந்து, "வாறேன் மிஸ்" என்றார். நான் நுணுக்குக்காட்டியிலிருந்து தலையைத் தூக்கி, "ஓம் அக்கா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அன்று அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. கண்ணாடித் தகடு வெறுமையாக இருந்தது.

இப்படியெல்லாம் காப்பாற்றிய அந்த ஆய்வு எங்கே போனது என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு வகைக் கிழங்கைக் காத்த அளவு இன்னொரு வகையை அழுகவைத்தது. ஆய்வுகூடத்தில் நடந்தது மூட்டைக்குள் நடக்கவில்லை. மூட்டைக்குள் காற்று குறைவு, வியர்வை அதிகம். கிட்டத்தட்ட அக்காவின் ஐஸ்கிரீம் பெட்டியைப் போலத்தான். இதை நான் கண்டுகொண்டது பிறகு. அவர் தெரியாமல் எங்களுக்குக் காட்டித்தந்த இரண்டு மாதப் பெறுபேறுகளே உண்மையான கடைக்கு நெருக்கமானவை. அவற்றைத்தான் கொள்ளத்தக்கவையல்ல என்று நான் எழுதித் தள்ளினேன். ஆய்வுகூடம் பின்னர் மூடப்பட்டது. இப்போது அந்த அறிக்கையைத் திருத்தி எழுதினாலும் அனுப்புவதற்கு ஒரு முகவரி இல்லை. நான் இப்போது மற்றவர்கள் எழுதும் அறிக்கைகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். ஊழியர் ஒருவரின் தவறால் என்று வரும் இடங்களில் பேனாவை வைத்துவிட்டு, அவருக்கு யார் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று ஓரத்தில் எழுதிக் கேட்கிறேன். பெரும்பாலும் பதில் வருவதில்லை.

சென்ற மாதம் ஒரு வேலையாகக் கொட்டாஞ்சேனைக்குப் போயிருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. திரீவீல் ஒன்றும் நிற்கவில்லை. ரோல்ஸும் பற்றிஸும் விற்கும் சிறிய கடை ஒன்றுக்குள் ஒதுங்கினேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மிஸ்! நனைஞ்சிட்டீங்களே, உள்ளுக்கு வாங்க."

அக்கா மெலிந்திருந்தார். கண்ணாடி போட்டிருந்தார். கடை தங்கையுடையது என்றும், உள்ளுக்கு வைக்கும் கிழங்குக் கலவை முழுவதும் தன்னுடைய பொறுப்பு என்றும் சொன்னார். மகள் உயர்தரம் படிக்கிறாளாம். அவருக்குப் பின்னால் ஒரு பெரிய பேசினில், தண்ணீருக்குள், வெட்டிய கிழங்கு. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"இன்னும் அந்தக் கிழங்கு அழுகிற வேலையா மிஸ்?"

"இல்லை அக்கா. அது நிண்டுபோச்சு."

"நான் போன பிறகுமா அழுகிச்சு?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

"அக்கா, அந்த அறிக்கையில உங்களைப் பற்றி எழுதினது நான்தான்."

"தெரியும். சேர் கடதாசியக் காட்டித்தானே சொன்னாரு. கீழ உங்க கையெழுத்து இருந்திச்சு." தேநீரை என் முன்னால் வைத்தார். "கோவம் இருந்திச்சு மிஸ், இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஒரு வருசம் மருதானைப் பக்கம் பஸ்ல போனா மத்தப் பக்கம் திரும்பி இருப்பேன். ஆனா ஒண்ணு எனக்கு இன்னும் வெளங்கல்ல. தண்ணியில போட்டா என்ன? அதை மட்டும் ஒருத்தரும் சொல்லல்லையே."

நான் சொன்னேன். சுவர்களுக்கு நடுவிலிருக்கும் பசையை, அதை அறுக்கும் நொதியத்தை, உதிரும் துணுக்குகளைக் கிழங்கு செய்தியாக எடுத்துக்கொள்வதை, அதற்குக் காற்று வேண்டியிருப்பதை. மழை விடுவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். அவ்வளவு சிறிய விஷயமாக இருந்தது அது. முடிந்ததும் அவர், வெட்டுப்பலகையின் ஓரத்தில் தண்ணீரில் விழாமல் தப்பிக் கிடந்த ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அது பழுப்பேறியிருந்தது.

"அப்ப, இது கறுக்கிறது கெட்டுப்போய் இல்ல. சண்ட பிடிக்குது."

"ஓம் அக்கா."

"அதைத்தான் நான் கறுக்காமப் பாத்துக்கிட்டேன்." துண்டைத் திரும்பப் பலகையில் வைத்தார். "நீங்களும் வடிவா இருக்குன்னு சொன்னீங்க."

"ஓம். சொன்னனான்."

"அதை எழுதினீங்களா மிஸ்?"

"இல்லை."

அவர் தலையை ஆட்டினார். கோபமாகத் தெரியவில்லை. தனக்குத் தெரிந்திருந்த ஒரு கணக்கின் விடையை இன்னொருவர் வாயால் கேட்டதைப்போல இருந்தது. "டீ ஆறுது, குடிங்க" என்று சொல்லிவிட்டுப் பேசினை நோக்கித் திரும்பினார். நான் புறப்படும்போது நான்கு ரோல்ஸைக் கடதாசியில் சுற்றித் தந்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இருப்பதாகத் தெரியவில்லை.

நேற்று ஞாயிறு. வழக்கம்போலக் கிழங்கை வெட்டி ஐஸ்கிரீம் பெட்டிக்குள் போட்டுத் தண்ணீர் விட்டேன். ஒரு துண்டை மட்டும் போடாமல் தட்டில் விட்டுவைத்தேன். சட்டி கழுவி, உடுப்புகளைக் காயப்போட்டு, ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தபோது, வெட்டிய பக்கம் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் பழுப்பேறிக்கொண்டிருந்தது. அதை அலசவில்லை. பெட்டியின் மூடியைத் திறந்து, வெள்ளையாகக் கிடந்த மற்றவற்றின் மேலே வைக்கப் போனவள், நிறுத்திக்கொண்டு, அது சண்டை பிடிக்கட்டும் என்று தட்டிலேயே இருக்க விட்டு மூடியை அழுத்தினேன்.